இரண்டாவது கிளட்ச்

மேடம் வண்டி ஓட்டினால், கூட உட்கார்ந்திருப்பவர்களுக்கு உயிர் உடம்பில் தங்காது. பின்சீட்டில் இருந்த சில்லறைக்கு அது பழகிப்போன விஷயம். முன்சீட்டில் இருந்த அக்காவுக்குப் பழகவில்லை.

சில்லறை என்பது மேடம் தன் உதவியாளனுக்கு வைத்த பெயர். பயம் வந்துவிட்டால் அவனுக்கு வாய் நிற்காது. பையில் கிடக்கும் சில்லறை மாதிரி எதையாவது குலுக்கிக்கொண்டே இருப்பான். அன்று காலையிலிருந்தே குலுக்கல் பலமாக இருந்தது. காரணம், மேடம் அவனுக்குக் கொடுத்திருந்த வேலை.

"மேடம், என்கிட்ட இருக்கிறது ஆட்டோமேட்டிக் லைசென்ஸ். கியர் வண்டிய இவன் தொடவே கூடாதுன்னு அரசாங்கமே அடிச்சுச் சொல்லியிருக்கு. அரசாங்கத்த எதிர்த்துக்கலாமா?"

"தெரியாததாலதான் கத்துக்கப் போற."

"அங்க கத்துக்கப் போன பொண்ணு திரும்பி வரலைன்னுதானே மேடம் நாம தேடிட்டு இருக்கோம்?"

முன்சீட்டிலிருந்து ஒரு விசும்பல் எழுந்தது. சில்லறை நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்காதான் அவர்களுடைய கட்சிக்காரி. முந்தாநாள் மேடத்தின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து, கைக்குட்டை நனைய நனைய அழுதுவிட்டுப் போனவள். அவளுடைய தங்கை ஒரு நர்ஸ். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்கிற வேலை. அதற்கு ஆஸ்பத்திரி கொடுக்கிற கார் கியர் வண்டி. தங்கையிடம் இருந்ததோ சில்லறையைப்போல ஆட்டோமேட்டிக் லைசென்ஸ். கியர் லைசென்ஸ் எடுக்காவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள், கற்றுக்கொண்டாள், டெஸ்டுக்கும் போய் வந்தாள். அடுத்த நாள் அந்த ஸ்கூல் மாஸ்டருடைய வண்டியில் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. போன் அணைந்து கிடக்கிறது.

"போலீஸ்ல சொன்னா, வயசுப் பொண்ணு, யார் கூடயாவது போயிருப்பான்னு சிரிக்கிறாங்க மேடம்" என்றாள் அக்கா. "அந்த மாஸ்டர் என் தங்கச்சிய என்ன பண்ணி வெச்சிருக்கானோ தெரியல. ஸ்கூல்ல போய் அவன் சட்டையப் பிடிக்கலாம்னா எனக்குத் தைரியமில்ல. நான் தையல் மிஷின மிதிச்சே காலத்தை ஓட்டினவ. கார் ஸ்டீயரிங்கத் தொட்டதுகூட இல்ல."

மேடம் ரொம்ப நாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை செய்தவள். அழுகிறவர்களைத் தேற்றுவதைவிட, அழுது முடிக்கும்வரை காத்திருப்பது அவள் வழக்கம். ஆனால் வேகத்தடைக்கு முன்னால் காத்திருக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. வண்டி எகிறி விழுந்தது. வேகம் செத்து, கியர் மாற்றாததால் இன்ஜின் குலுங்கித் திணறியது. அக்காவின் இடது கால் தரைவிரிப்பை ஓங்கி மிதித்தது.

"அங்க பிரேக் இல்லக்கா" என்றான் சில்லறை. "இருந்தா நான் எப்பவோ அந்த சீட்டுக்கு மாறியிருப்பேன்."

மேடம் ஒரு கணம் சாலையைப் பார்க்காமல் கீழே பார்த்தாள். சில்லறை கடவுள் பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான்.

டிரைவிங் ஸ்கூலுக்கு நாலு கடை தள்ளி வண்டியை நிறுத்தினாள். அக்கா கதவைத் திறக்கப் பார்த்தாள். அது அசையவில்லை.

"அந்தக் கதவு உள்ளேருந்து திறக்காதும்மா. கைப்பிடி உடைஞ்சு வருஷமாச்சு" என்றாள் மேடம். "நீங்க இறங்கவும் வேண்டாம். சில்லறை மட்டும் போகட்டும். மாஸ்டர் அவன எங்க கூட்டிட்டுப் போறாரோ, பின்னாலயே நாம போவோம்."

"நீங்க சொன்னா சரி மேடம்" என்று சொல்லிவிட்டு அக்கா கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பின்னால வர்றது நிச்சயம்தானே மேடம்?" என்றான் சில்லறை.

"போடா."

டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவர் நிறையப் போக்குவரத்துச் சின்னங்கள். அவ்வளவுதான். மாஸ்டர் ஒடிசலான ஆள். பேச்சு அளவாக இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, நரைத்த மீசை. இடது உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெள்ளைக் கட்டு. பெண்ணைக் கடத்தி வைத்திருக்கும் முகம் எப்படி இருக்கும் என்று சில்லறைக்குத் தெரியாது. இப்படியும் இருக்கலாம் என்று தோன்றியது.

பயிற்சி வண்டி வாசலில் நின்றது. கூரையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நசுங்கல். உள்ளே ஓட்டுகிறவருக்கு ஒரு கண்ணாடி, மாஸ்டருக்குத் தனியாக இன்னொரு கண்ணாடி. அதே மாதிரி மாஸ்டர் பக்கத்துத் தரையிலும் இரண்டு பெடல் முளைத்திருந்தன.

"உன் பக்கம் மூணு. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர். என் பக்கம் கிளட்ச், பிரேக் மட்டும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இணைச்சது. நான் இங்க மிதிச்சா உன் காலுக்குக் கீழயும் தானா இறங்கும். அதனால பயப்படாத."

பயப்பட வேண்டிய விஷயமே அதுதான் என்று சில்லறைக்குப் பட்டது. ஸ்டீயரிங் அவன் கையில், வண்டி இன்னொருவன் காலில்.

சாவியைத் திருப்பினான். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தான். வண்டி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆனது. மறுபடி முயன்றான், மறுபடி துள்ளியது. தெருவில் போன ஒரு நாய் நின்று வேடிக்கை பார்த்தது.

"ஆட்டோமேட்டிக்ல பழகினவனா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க மாஸ்டர்?"

"இடது காலுக்கு வேலை இருக்குன்னே உனக்குத் தெரியல. பாதி கிளட்ச்சுல நிறுத்து. இன்ஜின் சத்தம் தாழும். வண்டி மூக்கைத் தூக்கும். அப்புறம் மெதுவா விடு."

ஒரு வழியாக வண்டி நகர்ந்தது. கண்ணாடியில் மேடத்தின் பழைய கார் தூரத்தில் கிளம்புவது தெரிந்தது. சில்லறைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கண்ணும் வேலை செய்ய ஆரம்பித்தது. மாஸ்டருடைய கட்டைப் பார்த்தான்.

கட்டு புதியது, அன்று காலையில் போட்டது. மணிக்கட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டரின் முனை உள்பக்கமாகச் சின்னதாக மடிக்கப்பட்டிருந்தது. சில்லறையின் அண்ணி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். அவளும் இப்படித்தான் மடிப்பாள். அடுத்த தடவை பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டாம், மடிப்பைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். இது வீட்டில் கட்டிக்கொள்கிறவர்களுக்கோ மருந்துக்கடைக்காரருக்கோ தோன்றுகிற யோசனை இல்லை. தினம் பத்துப் பேருக்குக் கட்டு மாற்றுகிற கை செய்த வேலை.

அப்படியானால் நர்ஸ் உயிரோடு இருக்கிறாள். இன்று காலைவரை இருந்திருக்கிறாள். இவன் பிடியில் இருக்கிறாள்.

கெட்டிக்காரன் என்றால் இத்தோடு வாயை மூடிக்கொண்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு, இறங்கிப் போய் மேடத்திடம் சொல்லியிருப்பான். சில்லறைக்குப் பயம் தொண்டைவரை வந்திருந்தது.

"கட்டு பிரமாதமா இருக்கு மாஸ்டர். எந்த நர்ஸ் போட்டது?"

மாஸ்டர் வலது கையை நீட்டி எதையோ அழுத்தினார். நாலு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன.

"நேராப் போ" என்றார்.

"என் கிளாஸ் முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன் மாஸ்டர்."

"நேராப் போன்னு சொன்னேன்."

கடைத்தெரு முடிந்தது. வீடுகளும் முடிந்து, இரண்டு பக்கமும் உயரமான கிடங்குச் சுவர்கள் வந்தன. சில்லறை பிரேக்கை மிதித்து வண்டியை ஆஃப் ஆக்க நினைத்தபோதெல்லாம் மாஸ்டர் முந்திக்கொண்டு தன் கிளட்ச்சை மிதித்தார். சில்லறையின் காலுக்குக் கீழே பெடல் தானாக இறங்கியது, தானாக ஏறியது. யாரோ கணுக்காலைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. அம்மாவிடம் காலையில் சரியாகச் சொல்லிக்கொண்டுகூட வரவில்லையே என்று நினைத்தான். அழுகை வந்தது.

மாஸ்டர் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு வீல் ஸ்பேனரை எடுத்தார்.

"யார்றா உன்ன அனுப்பினது?"

"யாரும் இல்ல சார். லைசென்ஸ் ஆசை சார். இப்ப அந்த ஆசையும் இல்ல சார்."

"பொய் சொல்லாத. பின்னாடி ஒரு பழைய வண்டி ஸ்கூல் வாசல்லேருந்து தொடர்ந்து வருது. அதுல யாரு?"

ஸ்பேனர் நடுங்கியது. அப்போதுதான் சில்லறை கவனித்தான். அடிக்கப் போகிறவனின் கை இப்படி நடுங்குமா? மாஸ்டரின் நெற்றியிலும் தன் நெற்றியில் இருந்த அளவுக்கு வியர்வை இருந்தது.

மாஸ்டர் தன் பக்கத்துக் கண்ணாடியைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பார்த்தவருடைய முகம் வெளிறியது. இரண்டு காலும் இரண்டு பெடலையும் ஒன்றாக மிதித்தன. வண்டி அப்படியே நின்றது.

"இடது பக்கம்... கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு ஒரு அம்மா... அது யாரு?"

"அவங்கதான் சார் எங்க கட்சிக்காரி. நீங்க கடத்தி வெச்சிருக்கீங்களே அந்தப் பொண்ணோட அக்கா."

"அவளுக்கு ஏதுடா அக்கா! ஒத்தப் பொண்ணு, அம்மா அப்பா கூட இல்ல. அது டெஸ்ட் எடுக்கிற ஆபீசர்டா!"

சில்லறைக்கு ஒன்றும் புரியவில்லை. மாஸ்டர் ஸ்பேனரை மடியில் போட்டுவிட்டு, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழ, சொன்னார். டெஸ்ட் நாளில் அந்த ஆபீசரம்மா இதே சீட்டில், இதே பெடல்கள் மேல் காலை வைத்து உட்காருவாள். அவளுக்கு வேண்டியவர்கள் டெஸ்டுக்கு வந்தால் கிளட்ச்சை அவளே மிதிப்பாள். ஓட்டுகிறவன் சும்மா காலை வைத்திருந்தால் போதும். வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு வண்டி வழுக்கிக்கொண்டு போவதுதான் தெரியும். அப்படிப் பாஸான ஒருவன் போன மாதம் ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் உருட்டி, நடந்து போன ஒருவர் மேல் ஏற்றிவிட்டான். அவர் செத்துப்போனார். ஓட்டினவனுக்குக் கால் முறிந்தது. அவனைப் பார்த்துக்கொள்ளப் போன நர்ஸ் இவள். அழுது அழுது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

"அதுக்கப்புறம் சிஸ்டருக்கே டெஸ்ட் வந்துச்சு. கேக்காமலே இவ காலுக்குக் கீழயும் பெடல் இறங்கியிருக்கு. ஆஸ்பத்திரி ஆளுங்க நமக்கு உதவுவாங்கன்னு அந்தம்மா கணக்கு. இவ இறங்கி நின்னு, இந்த லைசென்ஸ் எனக்கு வேணாம், உங்கமேல புகார் கொடுக்கப் போறேன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டா. மறுநாள் நடந்து போறவ மேல ஒரு வெள்ளை வேன் ஏற வந்துச்சு. நான்தான் பார்த்து இழுத்துப் போட்டேன். அன்னையிலேருந்து ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"அப்ப நீங்க அவங்களக் கடத்தலையா?"

"கடத்துற மூஞ்சியாடா இது? போலீசுக்குப் போனா என் ஸ்கூலையும் மூடுவாங்களேன்னு பயந்துட்டு உக்காந்திருக்கேன். ஊரெல்லாம் தேடியும் அந்தம்மாவுக்குக் கிடைக்காத இடத்துக்கு, துப்பறியிற ஆளுங்க நீங்க வழி காட்டிட்டு வர்றீங்க."

சில்லறைக்கு அப்போதுதான் உறைத்தது. அழுதுகொண்டே வந்தவளை நம்பி, அவள் யாரைக் கொல்லத் தேடுகிறாளோ அவளிடமே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயம் அடுத்த நொடியில் வந்தது. மேடம் இப்போது அவள் பக்கத்தில் தனியாக இருக்கிறாள்.

கண்ணாடியில் பார்த்தான். மேடத்தின் கார் மெதுவாக வந்தது. இடது பக்கம் பிரிந்த ஒரு சாலையில் திரும்பியது. கிடங்குச் சுவருக்குப் பின்னால் மறைந்துபோனது.

போனை எடுத்தான். விரல் மூன்று தடவை தப்பான இடத்தில் பட்டது. மணி அடித்தது. எடுத்தது மேடம் இல்லை.

"தம்பி" என்றாள் அக்கா. குரல் தேனாக இருந்தது. "மேடம் ஓட்டிட்டு இருக்காங்க. தங்கச்சி கிடைச்சாளா தம்பி? எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாகச் சில்லறைக்குப் பேச்சு வரவில்லை. அப்போது பின்னாலிருந்து மேடத்தின் குரல் கேட்டது, எப்போதும்போல சலிப்பாக.

"சில்லறை, நான் வழி தப்பிட்டேன்டா. நீ உன் வேலையப் பாரு."

போன் அணைந்தது. மேடம் வழி தப்பியதாகச் சரித்திரமே இல்லை. இந்த ஊரில் எந்தச் சந்து எந்தத் தெருவில் முடியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறவள். அப்படியானால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் அந்தப் பாம்பை வேறு எங்கோ ஓட்டிக்கொண்டு போகிறாள்.

"மாஸ்டர், போங்க! அந்தப் பொண்ண முதல்ல அங்கேருந்து எடுத்துடலாம்."

"ஓட்டுறது நீதானே!"

சில்லறை ஓட்டினான். அதாவது ஸ்டீயரிங்கைப் பிடித்தான், மாஸ்டர் கால்களைப் பார்த்துக்கொண்டார், கியரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டு மாற்றினார்கள். சாலை ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுபக்கம் செங்குத்தாக ஏறியது. ஏற்றத்தின் அடியில் பழைய டயர் கிடங்கு. வண்டியை ஏற்றத்திலேயே, மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்கள்.

மாடி அறையின் கதவில் புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்தது, உள்பக்கம். அதை மாட்டும்போதுதான் உளி நழுவி மாஸ்டரின் உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது. கதவைத் தட்டினார்கள். மாஸ்டர் தன் பெயரைச் சொன்ன பிறகு தாழ்ப்பாள் விலகியது. சின்ன உருவமாக ஒரு பெண் நின்றாள். கையில் கத்தரிக்கோலைக் குத்துவதற்குத் தோதாகப் பிடித்திருந்தாள்.

"இவன் நம்ம ஆளுதான் சிஸ்டர். கிளம்பு, சொல்றேன்."

படியில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. பள்ளத்தின் அந்தக் கரையில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. மேடத்தின் காருக்குப் பின்னாலேயே வந்து, அது திரும்பியதும் இவர்களைத் தொடர்ந்திருக்க வேண்டும். சில்லறை ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தானே தவிர, அதற்குப் பின்னால் இருந்ததைப் பார்க்கவில்லை.

நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். "அந்த வேன்தான் சார்" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

"அந்தம்மாவோட தம்பி மகன்" என்றார் மாஸ்டர். "ஏறுங்க, ஏறுங்க!"

யார் ஓட்டுவது? மாஸ்டருக்கு இடது கையால் கியரைப் பிடிக்க முடியாது. சில்லறை இந்த ஏற்றத்தில் ஓட்டினால் வேனுக்கு வேலையே இருக்காது. இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னால முடியாது சார். அன்னைக்குக்கூட நான் ஓட்டல. அந்தம்மா கால்தான் ஓட்டுச்சு."

"அன்னைக்கு அவ மிதிச்சா. அதுக்கு முந்தி என்கிட்ட நீதாம்மா ஓட்டின. உக்காரு."

உட்கார்ந்தாள். சில்லறை பின்சீட்டில் விழுந்தான். பின் கண்ணாடியில் வேன் பள்ளத்தில் இறங்குவது தெரிந்தது. அவள் சாவியைத் திருப்பினாள், கியர் போட்டாள், ஹேண்ட் பிரேக்கை விட்டாள். கால் உதறியது. வண்டி முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. வேனின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சில்லறை கத்தினான். மாஸ்டரின் கால் தன் பாட்டுக்கு பிரேக்கை மிதித்தது. வண்டி உதறி ஆஃப் ஆனது. இடித்துவிடப் போகிறோம் என்று பயந்து வேன்காரனும் மிதித்தான். ஏற்றத்தின் பாதியில், இவர்களுக்கு ஒரு முழம் பின்னால், அவனுடைய வண்டியும் நின்றது.

"சார், நீங்க மிதிக்காதீங்க!"

"நான் மிதிக்கலம்மா. என் கால் மிதிக்குது! இருபது வருஷமா வேற வேலையே செய்யாத கால்!"

"உங்க கால் அங்க இருந்தா எது என் கால்னே எனக்குத் தெரியல சார்!"

மாஸ்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு கால்களையும் தூக்கி, செருப்போடு சீட்டின் மேல் வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒருவன் இறங்கப் பார்த்தான். இவர்களுடைய இன்ஜின் மறுபடி உயிர் பெற்றதும் திரும்ப உள்ளே தாவினான்.

நர்ஸ் இந்தத் தடவை ஹேண்ட் பிரேக்கை விடவில்லை. கிளட்ச்சைப் பாதிவரை விட்டாள். அங்கேயே பிடித்தாள். இன்ஜினின் சத்தம் தாழ்ந்தது. வண்டி மூக்கைத் தூக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். உருளப் போகிறது என்று சில்லறை முன்சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வண்டி உருளவில்லை. அந்த இடத்திலேயே நின்றது, மெல்ல நகர்ந்தது, ஏறியது.

பின்னால் வேன் ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆனது. மறுபடி துள்ளியது, மறுபடி ஆஃப் ஆனது. இன்று காலை தெருவில் தான் ஆடிய ஆட்டம் அது என்று சில்லறை உடனே அடையாளம் கண்டுகொண்டான். அத்தை புண்ணியத்தில் லைசென்ஸ் வாங்கியவனுக்குச் சமதரையில் சமாளிக்கத் தெரிந்திருந்தது. ஏற்றத்தில் கிளட்ச் மிதித்துக் கொடுக்க இடது பக்கத்தில் ஆள் இல்லை. வேன் பின்னால் உருண்டு, வேகம் பிடித்து, டயர் அடுக்கில் பின்புறமாக மோதிச் சாய்ந்தது.

மெயின் ரோடு வந்ததும் சில்லறையின் போன் சத்தம் போட்டது.

"பொண்ணு பத்திரமா?" என்றாள் மேடம்.

"பத்திரம் மேடம். நீங்க?"

"நேரா டெஸ்ட் கிரவுண்டுக்கு வா."

டெஸ்ட் கிரவுண்டின் நடுவில் மேடத்தின் பழைய கார் நின்றது. டிரைவர் பக்கத்துக் கதவில் மேடம் சாய்ந்துகொண்டு நின்றாள். இடது பக்கம் அக்கா கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது என்பதுதான் தெரிந்த கதையாயிற்றே. ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் சுற்றி நின்றார்கள். லைசென்ஸ் எடுக்க வந்த கூட்டம் வரிசையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

சில்லறை இறங்கி ஓடினான். "எப்படி மேடம் தெரிஞ்சுது?"

"பயந்தவங்க எல்லாரும் தரையில பிரேக்கத்தான் தேடுவாங்க, வலது காலால. இந்தம்மா இன்ஜின் குலுங்கினதும் இடது காலால மிதிச்சாங்க, கிளட்ச்ச மிதிக்கிற மாதிரி. வண்டி ஆஃப் ஆயிடக் கூடாதுன்னு அந்த சீட்டுல உக்காந்து கவலைப்படுறது யாரு? ஒண்ணு கத்துக்கொடுக்கிறவங்க, இல்ல டெஸ்ட் எடுக்கிறவங்க. தையல்காரி இல்ல. சந்தேகம்தான், நிச்சயமில்ல. வழி தப்பின மாதிரி இங்க ஓட்டிட்டு வந்தேன். கேட்டைத் திறந்த வாட்ச்மேன் பெரிய சல்யூட் அடிச்சு, 'லீவுன்னு சொன்னாங்களே மேடம்'னு கேட்டான். நான் இல்ல அந்த மேடம். உடனே இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன்."

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சி அவகிட்ட சொல்லிடும்." மேடம் பேச்சை நிறுத்தினாள். அவன் தோளுக்கு மேலே பயிற்சி வண்டியைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு ஏன் இறங்கல?"

பயிற்சி வண்டி கோட்டுக்குள் நேராக நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் வெறித்துக்கொண்டிருந்தாள். இடது கால் கிளட்ச்சை அடிவரை மிதித்திருந்தது. தொடைவரை நடுங்கியது.

"எடுத்தா நின்னுடும்" என்றாள் யாரிடமோ. "எடுத்தா வண்டி நின்னுடும்."

மேடம் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். சத்தம் அடங்கியது. உள்ளே எட்டி ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டாள்.

"நின்னாச்சு. இப்ப எடும்மா."

அவள் காலை எடுத்தாள். ஒளிந்திருந்த நாட்களில் அழாத அழுகை அத்தனையும் அப்போதுதான் வந்தது. வாய்விட்டு, ஊர் பார்க்க, குழந்தை மாதிரி அழுதாள். மேடம் எப்போதும்போல் அழுது முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து சீட்டில் மாஸ்டர் இன்னும் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். காலைக் கீழே விடலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்கத் தைரியமில்லாமல், அவள் அழுகையை நிறுத்துவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.